தம்பதி மட்டும்

என் பெயர் மால்சுன். கடைசிப் பெண் என்று பொருள். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் என் அப்பா வைத்த பெயர் அது. எனக்குப் பிறகு இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். பெயரை நம்பி யாரும் எதையும் முடிவு கட்டிவிடக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

துறைமுக ஊரான யோசூவில், தீவுக்குப் போகிற பாலத்துக்கு இந்தப் பக்கம், எனக்கு ஒரு தொடுகறிக் கடை இருக்கிறது. பொரித்த நெத்திலி, சோயாவில் ஊறிய நண்டு, தாமரைக்கிழங்கு என்று எல்லாம் இருந்தாலும், கூட்டம் வருவது நான் காரம் பிசறி ஊறவைக்கிற கடுகுக்கீரை கிம்ச்சிக்குத்தான். கீரை தோல்சான் தீவுத் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் வரவேண்டும். வெயில் ஏறிவிட்டால் இலை துவண்டுபோகும். துவண்ட கீரையை என் கடையில் வைத்து விற்க எனக்கு மானம் ஒப்பாது.

கீரையைக் காரில் ஏற்றிவந்து தருபவர் நாம் யோங்தால். துறைமுகத்தில் முப்பது வருஷம் ராட்சத கிரேன் ஓட்டியவர், காரை மட்டும் கட்டைவண்டி போல ஓட்டுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கடைக்கு மேல் உள்ள அறையை வாடகைக்கு எடுத்தார். முதல் குளிர்காலத்தில் அவருடைய சாப்பாட்டுக் கிண்ணம் கீழே இறங்கியது. அடுத்து தலையணை இறங்கியது. பிறகு மேலே அவருடைய மீன்பிடி தூண்டில்கள் மட்டும்தான் குடியிருந்தன.

இங்கே அவருடைய குடும்பப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பேச்சில் 'நாம்' என்ற ஒலிக்கு 'வேற்று ஆள்' என்றும் ஓர் அர்த்தம் உண்டு. நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்கிற அந்த வேற்று ஆள். அதன் வாலில் 'ப்யோன்' என்று ஒட்டிவிட்டால், நாம்ப்யோன், கணவன் ஆகிவிடும். எதிர்க்கடை மீன்காரி கண்ணைச் சிமிட்டி, "யாருடி அது, காலங்காத்தால கீரைக்கட்டைத் தூக்கிட்டு வர்றது?" என்று கேட்டால் நான் "நாம்" என்பேன். என் மகன் கேட்டாலும் அதே பதில்தான். பேரைச் சொன்னதாக எடுத்துக்கொள்வதும், வேற்று ஆள் என்று எடுத்துக்கொள்வதும் கேட்பவர் பாடு. மூன்று வருஷம் ஒரே வார்த்தையில் ஓட்டிவிட்டேன். யோங்தால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒன்றும் சொல்லமாட்டார்.

மகன் போம்சுவிடம் சொல்லப் பயமாக இருந்தது. வேறு காரணம் கிடையாது. போம்சுவின் அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆனபோது என் அக்கா எனக்கு ஒரு வரனைப் பற்றிப் பேச்செடுத்தாள். போம்சு சாப்பாட்டு மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தான். சூப் என் மடியில் கொட்டியது. "அம்மாவுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று கேட்டான். சூடு அன்றைக்கே ஆறிவிட்டது. அந்தக் கேள்விதான் ஆறவில்லை. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவன் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு போய், பிறகு வராமலே இருந்துவிட்டால்?

இப்போது கார் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. எங்கள் ஊரில் இதற்கு 'அலமாரி லைசென்ஸ்' என்று பெயர். வாங்கின நாளிலிருந்து துணி அலமாரிக்குள் தூங்குகிற லைசென்ஸ். போன இளவேனிலில் அதை எழுப்பினேன். ஒரு பயிற்சியாளரை அமர்த்தி நாலு நாள் ஓட்டிப் பழகினேன். ஐந்தாம் நாள், யோங்தாலின் வெள்ளைக் காரைத் தனியாகப் பின்னால் எடுத்து, என் சொந்தக் கடைப் பலகையிலேயே மோதினேன். 'மால்சுன் தொடுகறி' என்பதில் 'மால்' காணாமல் போயிற்று. காரின் பின்பக்கம் அப்பளமாகிவிட்டது. காப்பீட்டுக் கம்பெனி கேட்ட முதல் கேள்வி, யார் ஓட்டினார்கள் என்பது. அவருடைய காப்பீட்டில் 'ஒருவர் மட்டும்' என்று இருந்தது. அந்த ஒருவர் நான் இல்லை. ஒரு வோன் கூட வரவில்லை.

யோங்தாலுக்கு வலித்திருக்கும். கடற்பாசிப் பொட்டலம் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர் அவர். எடையை விளக்குக்கு அடியில் வைத்துப் படிப்பார். ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்து, "பலகைக்கு வலிச்சிருக்குமோ என்னவோ" என்று மட்டும் சொன்னார்.

இந்த இலையுதிர் காலத்தில் இரண்டு சங்கதி ஒன்றாக வந்து சேர்ந்தன. அவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, அதன் பிறகு சில வாரம் வண்டி தொடக்கூடாது. காப்பீடும் அதே நேரத்தில் முடிகிறது. கீரை காத்திருக்காது. ஆகவே நான்தான் ஓட்டவேண்டும், இந்தத் தடவை காப்பீட்டுக்கு உள்ளே நின்று ஓட்டவேண்டும்.

அவர் மூன்று கம்பெனிகளில் விலை கேட்டுவைத்திருந்தார். மூன்றும் மூன்று மாதிரி. ஏன் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. என் மகன் போம்சு குவாங்ஜு நகரத்தில் கார் காப்பீடு விற்கும் முகவர் நிலையத்தில் வேலை பார்க்கிறான். பல கம்பெனி விலைகளை ஒப்பிட்டுச் சொல்வதே அவன் பிழைப்பு. மாடிவீட்டுக்காரருக்குக் கொஞ்சம் சல்லிசாகப் பார்த்துக் கொடுடா என்று சொல்லிவைத்தேன். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் அவனிடமிருந்து போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டு கீரைத் தொட்டிக்கு நடுவே வைத்தேன்.

"வணக்கம், வாடிக்கையாளர் அவர்களே. சேவைத் தரத்துக்காக இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது."

"டேய், சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், வாடிக்கையாளர் அவர்களே."

"என்ன சாப்பிட்டே?"

"அம்மா, பதிவாகுதும்மா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பிறகு குரலைச் சீவிமுடித்துக்கொண்டு, "நாம் யோங்தால் சார் பக்கத்துல இருக்காரா?" என்றான்.

"இருக்கேன் தம்பி," என்றார் இவர், பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி நிமிர்ந்து. "மூணு கம்பெனி விலை கையில இருக்கு. மொதல் கம்பெனி ரொம்ப சல்லிசு. அதையே போட்டுரலாமா?"

"மூடியைத் தொறந்து பாருங்க சார். உள்ள சொந்த வண்டிச் சேதம் இருக்கா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூடியைத் திறந்து பார் என்பது என் வாசகம். அடுத்த கடையில் கிம்ச்சி சல்லிசு என்று பேரம் பேசுகிறவர்களிடம் நான் அதைத்தான் சொல்வேன். டப்பா ஒரே அளவுதான், நெத்திலிச் சாறு ஊற்றியிருக்கிறார்களா என்று பார்.

யோங்தால் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "சொந்த வண்டி… இல்ல."

"அதான் சல்லிசு. அடுத்தவங்க உடம்புக்கும் அடுத்தவங்க பொருளுக்கும் மட்டும்தான் அவங்க பொறுப்பு. உங்க வண்டி தானா போய் ஒரு சுவர்ல முட்டிச்சுன்னா ஒரு காசு வராது."

"தானா எங்க தம்பி முட்டுது?" என்றார் யோங்தால், என்னைப் பார்க்காமல்.

"கீரை அலசறவ கையில கத்தி இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க," என்றேன்.

"ரெண்டாவது கம்பெனி?" என்றான் போம்சு.

"அதுல சொந்த வண்டி இருக்கு. ஆனா அடுத்தவங்க பொருளுக்கு வரம்பு கம்மியா போட்டிருக்கான்."

"அது வேணாம் சார். ஊர்ல இப்ப தெருவுக்குத் தெரு வெளிநாட்டுக் கார் நிக்குது. ஒண்ணோட கண்ணாடிய உரசினா போதும், வரம்புக்கு மேல வர்றத உங்க கையிலிருந்து கட்டணும். அந்த வரம்ப ஏத்துறதுக்கு ஆகுற செலவு ஒரு கோழி வாங்குற காசுதான். அங்க போய்க் கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

'கஞ்சத்தனம்' என்ற சொல் விழுந்ததும் நான் சிரித்துவிட்டேன். யோங்தால் மூன்றாம் காகிதத்தை எடுத்தார். அதில் எல்லாமே இருந்தது. ஆனால் ஓட்டுகிறவருக்கே அடிபட்டால் என்ன தருவார்கள் என்பதில் இரண்டு வகை இருந்தது. ஒன்று காயத்துக்கு ஒரு தரம் வைத்து, அந்தத் தரத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது. மற்றது நிஜமாக ஆன வைத்தியச் செலவைப் பெரும்பாலும் கொடுப்பது. போம்சு இரண்டாவதை எடுக்கச் சொன்னான்.

"யோசிச்சுப் பாருங்க சார். எலும்பு முறிஞ்சு படுத்திருக்கறப்ப, இது எட்டாம் தரமா ஒம்பதாம் தரமான்னு ஒருத்தன் வந்து அளந்துட்டு நிக்கணுமா?"

"வேணாம் வேணாம்," என்றார் யோங்தால், இப்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

இதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று. என் பிள்ளைக்கு இவ்வளவு தெரியுமா என்று நான் கீரையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் பேசுவது காதுக்கு நன்றாக இருந்தது. பழகிய மனிதர்கள் போலப் பேசினார்கள்.

"அடுத்து ஓட்டுநர் வரம்பு," என்று போம்சு ஒரே மூச்சில் வாசித்தான். "ஒருவர் மட்டும், தம்பதி மட்டும், குடும்பம் மட்டும், குறிப்பிட்ட ஒருவரைச் சேர்த்து, யார் வேண்டுமானாலும். போன வருஷம் ஒருவர் மட்டும்னு இருக்கு. அதேதானே சார்?"

"இல்ல தம்பி. கண் ஆபரேஷன் இருக்கு. இன்னொருத்தர் ஓட்டணும்."

"யாரு?"

"நான்தான்டா," என்றேன்.

"அம்மாவா? உன் லைசென்ஸ் அலமாரியிலல்ல இருக்கு?" பதிவு மறந்துபோயிற்று. பிறகு தொண்டையைக் கனைத்தான். "அப்ப குறிப்பிட்ட ஒருவரைச் சேர்த்துன்னு போட்டுரலாம். அதுக்கு உறவு எதுவும் வேண்டியதில்ல. வேத்து ஆளா இருந்தாலும் சரி. கொஞ்சம் விலை கூடும்."

"தம்பதி மட்டும்னா?" யோங்தால் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அது கம்மி சார். ஆனா அதுக்கு புருஷன் பொண்டாட்டியா இருக்கணுமே!" என்று போம்சு சிரித்தான். சும்மா ஒரு தகவலாகச் சேர்த்தும் வைத்தான். "கல்யாணத்தப் பதிவு பண்ணியிருக்கணும்னு கூட இல்ல. நிஜமா சேர்ந்து குடும்பம் நடத்தினா, கம்பெனிக்கு அது போதும்."

கம்பெனிக்குப் போதுமாம். நான் தொட்டிக்குள் கையை விட்டு, அலசின கீரையையே மறுபடி அலசினேன். யோங்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும்.

"குறிப்பிட்ட ஒருத்தர்னே போடுங்க தம்பி," என்றார். "விலை கூடினா கூடட்டும்."

கடற்பாசிக்கு மூன்று கடை ஏறுகிற மனிதர் சொன்னது இது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவர் மேல் வந்தது. ஒரு தடவையாவது வாயைத் திறந்து சண்டை போட்டிருக்கக்கூடாதா இந்த மனுஷன்? பிறகு அது திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது.

"சரி சார். பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி," என்றான் போம்சு. "வாடிக்கையாளர் அவர்களே, அம்மா, உங்களைத்தான். வண்டிச் சொந்தக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?"

"நாம்," என்றது என் நாக்கு. பழக்க தோஷம்.

"வேத்து ஆள். சரி." விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. டக் டக் என்று என் மண்டையில் தட்டுவது போல இருந்தது. யோங்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுந்து, கீரைக் கூடையை ஓரமாக நகர்த்தப் போனார். அந்த முதுகைப் பார்த்தேன்.

"டேய், தட்டாதே! நான் இன்னும் சொல்லி முடிக்கல!"

தட்டல் நின்றது.

"நாம்…" என்றேன். "…ப்யோன்."

கிம்ச்சிக் குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கூடை யோங்தால் கையில் பாதியில் நின்றது.

"வாடிக்கையாளர் அவர்களே," என்றான் என் மகன். குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்தது. "பதிவுக்காக… இன்னொரு தடவை சொல்ல முடியுமா?"

"புருஷன். என் புருஷன். மூணு வருஷமா. பதிவாகுதில்ல? நல்லா ஆகட்டும்."

அதன் பிறகு அவன், மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல, "வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா?" என்றான். கடைசி வார்த்தையில் குரல் பிசிறியது. நான் இல்லை என்றேன். போன் வைக்கப்பட்டது.

"கெடுத்துட்டீங்களே, போம்சு அம்மா," என்றார் யோங்தால். முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மறைக்க இடம் தேடினார்.

நான் கீரைக்கு உப்பைப் போட்டுப் புரட்டினேன். போடவேண்டியதைப் போல இரண்டு பங்கு போட்டிருப்பேன். அந்தத் தொட்டி அன்றைக்கு முழுசாக வீணாயிற்று. என் பிள்ளை செருப்பு மாட்டிக்கொண்டு போகிற காட்சிதான் கண்ணுக்குள் ஓடியது. போன் மறுபடி அடித்தபோது கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தேன். அவனுடைய சொந்த போன். தெருச் சத்தம் கேட்டது, வெளியே வந்து நின்று பேசினான்.

"அம்மா! அந்தப் பதிவ எங்க மேனேஜர் உக்காந்து கேப்பாரும்மா! என்ன சாப்பிட்டேன்னு வேற கேட்டு வச்சிருக்கே!"

"நீ அதுக்குப் பதிலே சொல்லலயே."

"மூணு வருஷமா நாம், நாம்னு சொன்னியே. பேரச் சொல்றேன்னு நெனச்சேன்!"

"பேரைத்தான்டா சொன்னேன்."

மூச்சு வாங்கினான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "அன்னிக்கு நான் மேசையத் தள்ளினேனே. அதனாலயா?"

"ஆமா," என்றேன். இதில் மழுப்ப என்ன இருக்கிறது?

"அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா." ஓரமாக ஒதுங்கினான் போல, தெருச் சத்தம் குறைந்தது. "இங்க நான் டெய்லி அடுப்புக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டே சட்டியோட நூடுல்ஸ் திங்கிறேன். உக்காந்து திங்கலாம்தான். யாருக்காக உக்காரறதுன்னு தோணும். உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்? நான் அதக் கேக்கவே இல்லயே." மூக்கை உறிஞ்சினான். "அவருகிட்ட குடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் மோசமாக்கிக்கொண்டேன். போனை நீட்டினேன். யோங்தால் இரண்டு கையாலும் வாங்கி, ஒலிபெருக்கியை அழுத்தினார். எனக்குத் தெரியாமல் எதையும் கேட்கமாட்டார்.

"சார்… சார்னு கூப்பிடறது சரியில்ல. என்ன கூப்பிடறதுன்னு அப்புறம் யோசிக்கிறேன். விலை ரெண்டு போட்டு உங்க போனுக்கு அனுப்பியிருக்கேன். ஒண்ணு தம்பதி மட்டும். அது சல்லிசு. இன்னொண்ணு குடும்பம் மட்டும்."

"குடும்பம் எதுக்கு தம்பி? நாங்க ரெண்டு பேர்தானே ஓட்டப்போறோம்?"

"அறுவடைப் பண்டிகைக்கு நான் வர்றேன்ல? அப்பா கல்லறைக்கு எல்லாரும் போவோம். அங்க படையல் வச்ச சாராயத்த நீங்க ரெண்டு பேரும் ஒரு கிண்ணம் குடிப்பீங்க. திரும்பி வர்றப்ப வண்டிய யாரு ஓட்டுறது? வேத்து ஆளா?"

போம்சுவின் அப்பா கல்லறைக்கு நான் போகும்போதெல்லாம் யோங்தால் குன்றின் அடிவாரத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். மேலே வந்ததில்லை.

"ஆனா முன்கூட்டியே சொல்லிடறேன்," என்று போம்சு தன் தொழில் குரலுக்குத் திரும்பினான், பாவம், அதுதான் அவனுக்குச் சௌகரியம். "என் வயசு கம்மி, அதனால மொத்த விலையும் ஏறும். அப்புறம், தம்பதின்னா சேர்ந்து வாழ்ந்தாலே போதும். மனைவியோட பிள்ளைக்கும் வரணும்னா கல்யாணத்தச் சட்டப்படி பதிவு பண்ணியிருக்கணும்னு கம்பெனி விதி. அவசரம் இல்ல, யோசிச்சு எடுங்க. மூடியத் தொறந்து பாருங்க."

போனை வைத்துவிட்டான். இரண்டு விலைகளும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நான் எட்டிப் பார்த்தேன். நல்ல வித்தியாசம். அந்தப் பணத்துக்கு ஒரு வருஷத்துக்கான கடற்பாசி வாங்கலாம்.

"நகராட்சி ஆபீஸ் எத்தனை மணிக்குத் தொறக்கறாங்க?" என்று கேட்டார்.

"முதல்ல விலையப் பாருங்க! எவ்வளவு ஜாஸ்தின்னு பாத்தீங்களா?"

"எங்க பாக்கறது? கண்புரைல்ல," என்றார். கண்ணாடி மேசை மேல் இருந்தது. அதைத் தேடக்கூட இல்லை. கண் இரண்டும் நனைந்திருக்க, விரலை நீட்டி, கொஞ்சமும் தடவாமல், குடும்பம் என்ற இடத்தில் அழுத்தினார்.